கடல் பக்கம்

டிவிக்காரர் கேட்டது இதுதான்:
'இந்தியா என்றைக்காவது
கால்பந்தில் பெரிய நாடாக ஆகுமா?'
கேட்டுவிட்டு மைக்கை என் வாயருகே நீட்டினார்.
கேமராவில் விழுவதற்கென்றே பின்னால்
சின்னப் பயல்கள் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.
அவர்கள் முதுகில் அர்ஜென்டினா, போர்ச்சுகல்,
ஒருவன் முதுகில் ஏதோ சிமென்ட் கம்பெனி.

எனக்கு தேங்காப்பட்டணம் ஐஸ் பிளான்ட்டில்
கணக்கு எழுதும் வேலை.
ஞாயிற்றுக்கிழமை கோட்டோரம் கொடி பிடிப்பேன்.
'பொம்பள கொடி தூக்குனா ஆப்சைடா?' என்று
முதல் வருஷம் கேட்டவர்கள்
இப்போது ஆண் நடுவரைப் போலவே என்னையும் ஏசுகிறார்கள்.
அதை மரியாதை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆடிக் கடல் அடங்கியதும்
மைதானத்தை அளப்பதும் நான்தான்.
டேப்பின் ஒரு முனை குருசடி மதிலில்,
மறு முனை, கடல் எங்கே விட்டிருக்கிறதோ அங்கே.
நோட்டில் இருக்கிறது:
அறுபத்துநாலு மீட்டர். அப்புறம் அறுபது.
ஓகி வந்த வருஷம் அளக்கவில்லை,
எண்ணுவதற்கு வேறு இருந்தது.
பிறகு ஐம்பத்தொன்று.
இந்த வருஷம் நாற்பத்துமூன்று.

கடல் பக்கம் எங்களுக்குக் கார்னர் கிடையாது.
அங்கே பந்து போனால்
தண்ணீரில் இறங்கி எடுக்கிறவனுக்கே த்ரோ.
எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத விதி,
சண்டை வந்தால் என் நோட்டைத்தான் திறப்பார்கள்.

மெர்ஜின் என்று ஒருவன்.
முதல் பாதியில் இடது, இரண்டாம் பாதியில் வலது,
கடல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவன்.
பாறைக்கு ஒரு சாண் முன்னால் பந்தை நிறுத்தி
அவன் திரும்புகிற திரும்பலில்
எதிராளிகள் இரண்டு பேர் கல்மேல் போய் நிற்பார்கள்.
'மீன் வாங்கிட்டு வாங்க மக்கா!' என்று கூட்டம் கத்தும்.

நாகர்கோவிலில் செலக்‌ஷன்.
முழு மைதானம். புல். வெள்ளைக் கோடு.
மெர்ஜின் ஓடினான்.
கோட்டுக்கு இன்னும் பன்னிரண்டு மீட்டர் இருக்கும்போதே
நிறுத்தினான், திரும்பினான்.
மறுபடி ஓடினான். அதே இடம்.
நிறுத்தினான், திரும்பினான்.
அந்தப் பக்கம் ஆளே இல்லாமல்
பச்சையாக விரிந்து கிடந்தது அத்தனை இடம்.
'போடே! தரைதாம்லே அது!'
கேலரியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன்.
தலைக்குத் தெரியும். கால் நம்பவில்லை.

தேர்வாளர் தாளில் எழுதினார்:
பந்துக் கட்டுப்பாடு மிக நன்று.
மைதானத்தின் அகலம் தெரியவில்லை.
அவர் எழுதியதில் தப்பு சொல்ல முடியாது.

இப்போது கொச்சியிலிருந்து சூரைக்குப் போகும் போட்டில் இருக்கிறான்.
போனால் முப்பத்தைந்து நாள்.
வயர்லெஸ் எட்டும் தூரத்துக்கு வந்ததும்
முதலில் மீன் விலை கேட்பான், அப்புறம் ஸ்கோர்.

டீக்கடையில் எல்லாரும் ஒரே கணக்குத்தான்:
நூற்று நாற்பது கோடியில் பதினோரு பேர் கிடைக்காமலா?
கணக்கு எழுதுகிறவள், எனக்கு அந்த வகுத்தல் வரவில்லை.
கோல்கீப்பர் ததேயுஸ்
மஸ்கட்டில் ஒரு மாலின் வாசலைக் காக்கிறான்.
ஒரே சீசனில் பதினேழு கோல் அடித்த ஷாபினுக்கு
ஆவணியில் கல்யாணம்,
மாப்பிள்ளை வீட்டில் பந்தைப் பற்றி
இன்னும் வாயே திறக்கவில்லை.

'ஆகுமா, ஆகாதா? ஒரே வரியில சொல்லுங்க மேடம்.'
பையிலிருந்து டேப்பை எடுத்து
முனையை அவர் கையில் கொடுத்தேன்.
'பழைய கோடு அறுபத்துநாலுல. நடங்க சார்.'
நடந்தார், சிரித்துக்கொண்டே.
பாறை ஏறும்போது ஷூவைக் கழற்றினார்.
'இன்னுமா?'
'இன்னும் இருபத்தொண்ணு.'

அலை வந்து பேன்ட்டை முழங்கால்வரை நனைத்தது.
அதே நேரம் பயல்களின் பந்து
அவர் தலைக்கு மேலாகப் போய்த் தண்ணீரில் விழுந்தது.
டேப்பை விடாமல்
பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
சிமென்ட் கம்பெனிக்காரன்தான் முதலில் கத்தினான்:
'சார், எடுத்தா த்ரோ ஒங்களுக்காக்கும்!'